யாம்சா எங்கே போனான்? சீக்வெல் அனிமேல பக்கத்துல நிக்கிற ஆளுங்களோட கதை

இன்னிக்கு ஹீரோவைப் பத்தி பேசப் போறதில்ல. ஹீரோ சண்டை போடும்போது தூரத்துல ஒரு பாறை மேல நின்னு, "அவனோட சக்தி இவ்வளவு ஏறிடுச்சா!"ன்னு வாயைப் பிளக்கிற நாலு பேர் இருப்பாங்கல்ல, அவங்களைப் பத்தி. முதல் சீரிஸ்ல அவங்களுக்கும் ஒரு கனவு, ஒரு சண்டை, ஒரு அழுகை எல்லாம் இருந்தது. சீக்வெல் வந்ததும் கமெண்டரி சொல்ற வேலை மட்டும்தான் மிச்சம். ஏன் இப்படி ஆகுது? எந்த சீரிஸ்ல இதிலிருந்து தப்பிச்சிருக்காங்க?

ஸ்பாய்லர் எச்சரிக்கை: டிராகன் பால் மொத்தமும், நருட்டோ, ஷிப்புடென், போருட்டோ, கொஞ்சம் குண்டம், கொஞ்சம் டிஜிமான். பார்க்காதவங்க பாஸ் பண்ணிட்டு பார்த்துட்டு வாங்க. சில நூறு எபிசோட்தான்.

டிராகன் பால்ல இருந்தே ஆரம்பிக்கலாம், ஏன்னா இந்த நோயோட முதல் ஸ்கேன் ரிப்போர்ட் அங்கதான் இருக்கு. 'டிராகன் பால்', 'டிராகன் பால் இசட்'னு நாம ரெண்டா பிரிச்சுப் பேசறோம். ஆனா அகிரா டொரியாமா வரைஞ்ச மங்கா ஒண்ணுதான். 1984-ல வீக்லி ஷோனென் ஜம்ப் இதழ்ல தொடங்கி 1995-ல முடிஞ்சது, மொத்தம் 519 அத்தியாயம். அனிமேலதான் முதல் சீரிஸை 153 எபிசோடோட நிறுத்திட்டு, 1989-ல 'இசட்'னு புதுப் பேர்ல தொடர்ந்தாங்க. அந்தக் கோடு எந்த இடத்துல விழுதுன்னு கவனிங்க. கோகு வளர்ந்து, கல்யாணம் ஆகி, குழந்தையோட வர்றான். வானத்துல இருந்து ராடிட்ஸ் இறங்கறான். அவன் கண்ணுல ஒரு கருவி மாட்டியிருக்கு. ஸ்கௌட்டர். எதிர்ல நிக்கிறவனோட பலத்தை நம்பரா காட்டும்.

முதல்ல ஒரு விவசாயியைப் பார்த்து 5-னு காட்டுது. அப்புறம் கனமான உடையைக் கழட்டாத கோகு 334, பிக்கோலோ 322. வெறும் 12 புள்ளி வித்தியாசம். இந்த அளவுல இருக்கும்போது கதை நல்லா இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்தா ஜெயிக்கலாம், ஒருத்தன் தந்திரம் பண்ணா இன்னொருத்தனை மடக்கலாம். யாரும் வேஸ்ட் இல்ல.

நாமெக் கிரகத்துக்குப் போனதும் ஃப்ரீசா தன்னோட நம்பர் 5,30,000-னு சாவகாசமா சொல்றான். முடிஞ்சது. அந்த ஒரு வசனத்துல பூமியில இருக்கிற எல்லா நண்பர்களுக்கும் ரிட்டயர்மெண்ட் ஆர்டர் கொடுத்துட்டாங்க. நம்பர்னு ஒண்ணு வந்துட்டா அதுல சந்தேகத்துக்கு இடமே கிடையாது. முன்னாடி "கிரிலின் ஜெயிப்பானா?"ன்னு கேட்க முடிஞ்சது. இப்போ கணக்குப் பாடம் மாதிரி விடை முன்னாடியே தெரிஞ்சிடுது.

அதுக்கு அப்புறமும் டொரியாமா சில இடத்துல நம்பரை ஏமாத்தியிருக்கார், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஃப்ரீசா ரெண்டாவது உருவத்துல இருக்கும்போது அவன் வாலை வெட்டினது யாரு? நம்ம கிரிலின். அவனோட கியென்சான் சக்கரம் எதிராளி பலம் எவ்வளவுன்னு விசாரிக்காது, பட்டா அறுக்கும். அதைவிடப் பெரிய இடம் செல் ஆர்க்ல வரும். செல் ரெண்டாவது உருவம் எடுத்து ஆண்ட்ராய்டு 18-ஐ விழுங்க வர்றான். அவனைத் தடுக்கிற அளவுக்குப் பலம் உள்ளவங்க யாரும் அங்க இல்ல. டியன் மேல இருந்து ஷின் கிகோஹோவைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் அவனோட உயிர் கொஞ்சம் கொஞ்சமா கரையுது. செல்லுக்கு ஒரு கீறல்கூட இல்ல, ஆனா அவனால அந்தக் குழியை விட்டு மேல வர முடியல. 18 தப்பிக்கிறா.

டியன் அங்க ஜெயிக்கல. ஜெயிக்க முடியாதுன்னு அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனா அவன் எடுத்த முடிவால கதை வேற பக்கம் திரும்புது. இந்த எபிசோட் முழுக்க நான் வெச்சிருக்கிற அளவுகோல் இதுதான்: இந்த ஆளோட முடிவை எடுத்துட்டா கதை மாறுமா? மாறும்னா அவன் இன்னும் கதாபாத்திரம். மாறாதுன்னா அவன் செட் பிராப்பர்ட்டி.

சரி, யாம்சாவுக்கு வருவோம். பாலைவனத்துக் கொள்ளைக்காரனா அறிமுகமாகி, பொண்ணுங்களைப் பார்த்தா நடுங்கற ஆளு. கோகுவோட ஆரம்ப கால எதிரிகள்ல ஒருத்தன், அப்புறம் நண்பன். இசட்ல ஒரு சைபாமேன் அவனைக் கட்டிப்பிடிச்சு வெடிச்சிடுது. குழிக்குள்ள சுருண்டு கிடக்கிற அந்த போஸ் இன்னிக்கும் மீம். பாவம், அதையே அதிகாரப்பூர்வமா காசாக்கிட்டாங்க. 2016-ல ஒரு சைட் மங்கா வந்தது. நம்ம காலத்துப் பையன் ஒருத்தன் யாம்சாவா மறுபிறவி எடுக்கிறான். எதிர்காலம் தெரியும்ங்கிறதால அந்தக் குழிக்குப் போகாம இருக்க முன்கூட்டியே பயிற்சி எடுக்கிறான். 'டிராகன் பால் சூப்பர்' 70-வது எபிசோட்ல பேஸ்பால் மேட்ச் வெச்சு, அதே போஸ்ல யாம்சா ஹோம் பேஸைத் தொட்டு அணியை ஜெயிக்க வைக்கிறான். நல்லா சிரிச்சேன். ஆனா கொஞ்சம் யோசிச்சா, அவனுக்குக் கொடுத்த ஒரே வெற்றி அவனோட சாவை வெச்சு அடிச்ச ஜோக்ல இருந்து வந்தது.

லான்ச் இன்னும் மோசம். தும்மினா குணம் மாறுற பொண்ணு ஞாபகம் இருக்கா? இசட் போகப் போக அவ ஆளையே காணோம். டொரியாமாவே பின்னாடி சொன்ன காரணம்: மறந்துட்டாராம்.

இதுக்கு எழுத்தாளரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்ல. ஜம்ப் மாதிரி வார இதழ்ல ஒரு அத்தியாயம் இருபது பக்கத்துக்குள்ள முடியணும். இதழோட ஒரு போஸ்ட்கார்டு வரும், வாசகர்கள் தங்களுக்குப் பிடிச்ச மூணு கதையை எழுதி அனுப்புவாங்க. வாக்கு குறைஞ்சா தொடர் நிக்கும். இருபது பக்கத்துல எட்டுப் பக்கத்தை யாம்சாவோட மனக் கஷ்டத்துக்குக் கொடுக்க எந்த எடிட்டருக்குத் தைரியம் வரும்? அனிமேல பிரச்சினை தலைகீழ். வாராவாரம் ஸ்லாட்டை நிரப்பணும், மங்கா ரொம்ப முன்னாடி போயிருக்காது. அதனாலதான் ஃபில்லர். நாம ஸ்கிப் பண்ணச் சொல்லி லிஸ்ட் போடற அந்த ஃபில்லர்லதான் இந்தப் பாவப்பட்ட ஜீவன்கள் கொஞ்சம் மூச்சு விடறாங்க. கோகுவும் பிக்கோலோவும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போற இசட் எபிசோடை ஸ்கிப் பண்ணவங்களைப் பார்த்தா எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

இப்போ நருட்டோ. இங்க விஷயம் சீரியஸ் ஆகுது. டிராகன் பால்ல யாம்சாவை மறந்ததால கதையோட கருத்துக்கு ஒண்ணும் ஆகல, அது எப்பவுமே ஜாலியான கதை. நருட்டோ அப்படி இல்ல. அது ஒரு வாதத்தை முன்வெச்ச கதை.

சூனின் தேர்வை நினைச்சுப் பாருங்க. நேஜி ஹியூகா குலத்துக் கிளைக் குடும்பத்துல பிறந்தவன். மூலக் குடும்பத்துக்கு அடங்கி நடக்கணும்னு நெத்தியில முத்திரை குத்தியிருக்காங்க. பிறப்புதான் விதி, மாத்த முடியாதுன்னு நம்பறான். நருட்டோ அவனை அடிச்சு வீழ்த்தி, நான் ஹொகாகே ஆனா ஹியூகா குலத்தை மாத்திக் காட்டறேன்னு வாக்குக் கொடுக்கிறான். இன்னொரு பக்கம் ராக் லீ. நிஞ்ஜுட்சு வராது, கெஞ்சுட்சு வராது. உடம்பு மட்டும்தான். காராவோட சண்டையில கால்ல கட்டியிருந்த எடையை அவிழ்த்துப் போடற சீன்ல தரையே அதிரும். பிறப்பால வர்ற திறமைக்கு எதிரா உழைப்புன்னு ஒரு கட்சி இருந்தா, லீ அதோட கொடி.

2007-ல ஷிப்புடென் வருது, 2017 வரைக்கும் 500 எபிசோட். நருட்டோ நாலாவது ஹொகாகேவோட மகன்னு தெரிய வருது. அப்புறம் அவன் அஷுராவோட மறுபிறவின்னும் சொல்றாங்க. அதாவது பிறப்புதான் விதின்னு நேஜி சொன்னது கிட்டத்தட்ட சரின்னு ஆயிடுது. அந்த நேஜியோ நாலாவது பெரிய போர்ல நருட்டோவுக்கும் ஹினாட்டாவுக்கும் முன்னாடி பாஞ்சு உயிரை விடறான். நெத்தி முத்திரை அழியுது. அழகான ஷாட்தான், நானும் கலங்கினேன். ஆனா நருட்டோ கொடுத்த வாக்குப்படி குலம் மாறி அழியல, ஆள் செத்ததால அழிஞ்சது. அந்த வாக்கு என்ன ஆச்சுன்னு ஷிப்புடென் ஒழுங்கா காட்டவே இல்ல.

லீக்கு 500 எபிசோட்ல காரா சண்டைக்குப் பக்கத்துல வைக்கிற மாதிரி ஒரு சண்டைகூட இல்ல. லீயைக் கழட்டிவிட்டது சும்மா ஒரு ரசிகர் கூட்டத்தோட மனக்குறை இல்லைங்க. கதை தன் சாட்சியையே கூண்டுல இருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பிடுச்சு. நியாயமா ஒண்ணு சொல்லணும்: அவனோட குரு மைட் கை எட்டாவது வாசலைத் திறந்து மதாராவைக் கிட்டத்தட்ட முடிச்சிடறார். ஷிப்புடென்லயே உச்சம் அதுதான்னு சொல்வேன். போருட்டோல அவரைச் சக்கர நாற்காலியில பார்க்கும்போது அந்த விலை நிஜம்னு புரியும். ஆனா அந்தச் சண்டையில லீயோட பங்கு என்ன? நின்னு அழறது.

அதே ஷிப்புடென்லதான் ஷிகாமாரு இருக்கான். இவன் விஷயத்துல எல்லாமே சரியா நடந்திருக்கு. ஏன்னா அவன் ஆயுதம் ஆரம்பத்துல இருந்தே மூளை. மூளைக்கு ஸ்கௌட்டர் நம்பர் கிடையாது, எதிரி கடவுள் லெவலுக்குப் போனாலும் அது காலாவதி ஆகாது. அசுமாவை ஹிடான் கொல்றான். ஷிகாமாரு திட்டம் போட்டு, சாகவே முடியாத ஹிடானைத் தன் குலத்துக் காட்டுல குழி தோண்டிப் புதைக்கிறான். அதோட நிக்கல. அசுமாவுக்குப் பிறக்கப் போற குழந்தைக்கு நான் குருவா இருப்பேன்னு முடிவெடுக்கிறான். போருட்டோல அந்தக் குழந்தை மிராய் வளர்ந்து நிஞ்ஜாவா வந்து நிக்கிறா. ஷிகாமாரு அப்போ ஹொகாகேவோட ஆலோசகர். 2023-ல தொடங்கின 'டூ ப்ளூ வோர்டெக்ஸ்' மங்கால ஹொகாகே நாற்காலியிலயே உட்கார்ந்துட்டான். சோம்பேறியா அறிமுகமான பையன் தலையில ஊரோட மொத்தப் பாரமும் வந்து விழுது. ஒரு தொடர் இவ்வளவு வருஷம் ஓடறதுல ஏதாவது லாபம் இருக்குன்னா, அது இதுதான்.

டென்டென்? அவளுக்குக் குடும்பப் பேர்கூடக் கொடுக்கல. போருட்டோ காலத்துல ஆயுதக் கடை வெச்சிருக்கா, சமாதானம் வந்துட்டதால வியாபாரம் இல்ல. ஜோக்காத்தான் வெச்சாங்க. ஆனா எனக்கு இது யாம்சா பேஸ்பாலைவிட நல்லா இருக்கு. போர் முடிஞ்ச ஊர்ல ஆயுதம் விக்கிறவளுக்கு என்ன ஆகும்னு யோசிச்சாலே அதுக்குள்ள ஒரு கதை இருக்கு. யாரும் எழுதலைங்கிறது வேற விஷயம்.

காலம் ஓடினதைக் காட்டறதுல பழைய குண்டத்தை அடிச்சுக்க ஆளில்ல. 1979-ல முதல் சீரிஸ், 1985-ல 'ஸீட்டா குண்டம்'. முதல் கதையோட ஹீரோ அமுரோவே இதுல துணை கதாபாத்திரம். அரசாங்கம் அவனை ஒரு மாளிகையில வசதியா அடைச்சு வெச்சிருக்கு. ஹயாட்டோ மியூசியம் பார்த்துக்கிறான், காய் பத்திரிகையாளன் ஆயிட்டான். எல்லாரும் ரோபோல ஏறி கூட்டமா நிக்கணும்னு அவசியமே இல்லாம, ஆளாளுக்கு ஒரு வாழ்க்கை. எதிர்ப் பக்கம் 'டிஜிமான் அட்வென்ச்சர் ட்ரை'. 2015-ல முதல் படம் ஆரம்பிச்சதுமே '02' சீரிஸ் பசங்க நிழலுருவமா விழறாங்க. அப்புறம் அவங்களைப் பத்தி யாரும் சரியாக்கூட விசாரிக்க மாட்டாங்க. ஆறு படம் ஓடுது. அந்தப் பசங்களுக்குன்னு தனியா ஒரு படம் வர 2023 ஆச்சு.

கடைசியா டிராகன் பாலுக்கே திரும்பறேன், ஏன்னா அவங்க ஓரளவு கத்துக்கிட்டாங்கன்னு தோணுது. சூப்பர்ல வர்ற சக்திப் போட்டியில எட்டு பிரபஞ்சம், ஆளுக்குப் பத்து பேர். அணியா ஆடணும், மேடையில இருந்து தள்ளினாலே அவுட், கொல்லக் கூடாது. இந்த விதிகள் ஸ்கௌட்டரோட கணக்கைக் கொஞ்சம் உடைக்குது. மாஸ்டர் ரோஷி அனுபவத்தை வெச்சே ஆளுங்களை வெளியே தள்றார். கிரிலின்தான் நம்ம அணியில முதல்ல அவுட், அதை விடுங்க. கடைசியில மேடையில நிக்கிறது ஒரு தீவுல மிருகங்களைப் பாதுகாக்கிற வேலை பார்த்துட்டு இருந்த ஆண்ட்ராய்டு 17. பரிசா ஒரு வரம் கேட்கலாம். அழிஞ்ச பிரபஞ்சங்கள் எல்லாம் திரும்ப வரணும்னு கேட்கிறான். என் அளவுகோலை இங்க வெச்சுப் பாருங்க: அந்த ஒரு முடிவை எடுத்துட்டா சூப்பரோட முடிவே இல்ல.

2022-ல வந்த 'சூப்பர் ஹீரோ' படத்துல கோகுவையும் வெஜிட்டாவையும் வேற கிரகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பி வெச்சுட்டு, கதையை பிக்கோலோ கையில கொடுத்தார் டொரியாமா. கதைக்காக டிராகன்கிட்ட கேட்டு பவரை ஏத்திவிட்டாங்க, அது கொஞ்சம் சீட்டிங்தான். ஆனா எனக்கு அந்தப் படத்துல பிடிச்சது ஆரஞ்சு கலர் உருவம் இல்ல. கோஹன் ஆராய்ச்சியில மூழ்கிட்டதால, அவனோட பொண்ணு பானை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்ற பொறுப்பு பிக்கோலோ தலையில விழுது. ராடிட்ஸ் வந்த அன்னிக்கு 322 காட்டின அதே பிக்கோலோதான். உலகத்தையே அழிக்கப் பிறந்தவன், மூணு வயசுக் குழந்தைக்குச் சண்டை கத்துக்கொடுத்துட்டு, அவ அப்பனைத் திட்டிட்டு இருக்கான்.

அடுத்த எபிசோட்ல வில்லன்கள் நண்பர்களா மாறும்போது அவங்க பவர் ஏன் பாதியா குறையுதுன்னு பேசலாம். நீங்க டென்டென் கட்சின்னா கமெண்ட்ல கை தூக்குங்க, எண்ணிப் பார்க்கலாம்.