முன்பணம் வாங்கும் முன்பு...

வாழ்நாளில் ஒருமுறை மனையை விற்பவரும், வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட முதலீட்டாளரும் பேரம் பேசும்போது, முன்னவரின் கவனம் விலையில் இருக்கிறது. பின்னவரின் கவனமோ நிபந்தனைகளில் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பலர் கையொப்பமிட்ட பிறகே உணர்கிறார்கள்.

முதலீட்டாளர் பெரும்பாலும் குறைகளிலிருந்தே தொடங்குவார். சாலை குறுகல், பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது என்று அடுக்குவார். விற்பவர் சோர்ந்துபோன வேளையில், அவர் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலான விலையைச் சொல்வார். அந்த மகிழ்ச்சியில் மற்ற வாசகங்கள் கண்ணில் படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: விலை ரூ.60 லட்சம், முன்பணம் ரூ.2 லட்சம், கெடு 11 மாதங்கள், 'நானோ, நான் சுட்டும் நபரோ கிரயம் பெறலாம்' என்று ஒரு வரி. அந்தக் கெடுவுக்குள் ரூ.70 லட்சத்துக்கு வேறொருவர் கிடைத்தால், பத்திரம் நேரடியாக அவர் பெயருக்குப் போகும், ரூ.10 லட்சம் முதலீட்டாளருக்குச் சேரும். விலை ஏறாவிட்டால் அவர் விலகிக்கொள்ள வழி தேடுவார். இதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. ஆனால், ரூ.2 லட்சத்துக்கு 11 மாத காலத்தையும் சேர்த்தே விற்றுவிட்டோம் என்பதை மனைக்காரர் அறிந்திருக்க வேண்டும்.

1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி, கிரய ஒப்பந்தம் மட்டுமே சொத்தில் உரிமை தந்துவிடாது. எனினும், தமிழ்நாட்டில் 2012 முதல் இத்தகைய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அது ரத்தாகும்வரை வேறு எவரும் வாங்க முன்வரத் தயங்குவார்கள்.

ஒப்பந்தத்துடன் பொது அதிகாரப் பத்திரமும் கேட்டால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அதனால் மட்டும் உரிமை மாறாது என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியது உண்மைதான். ஆனால், அதைக் கொண்டு விற்பவர் சார்பில் பிறருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க முடியும்.

ரொக்கத்திலும் ஆபத்து உண்டு. மனைக்கு ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக முன்பணம் பெற்றால், அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். அதுவும் கொடுத்தவருக்கல்ல, பெற்றவருக்கு.

ஆகவே, என்னிடம் யோசனை கேட்போருக்கு நான் சொல்வது இதுதான்: விலையைப் பேசுவதற்கு முன் கெடுவைப் பேசுங்கள். கெடு நீண்டால் முன்பணமும் உயர வேண்டும். கெடு தவறினால் முன்பணம் என்னவாகும், ஒப்பந்தத்தை யார், எப்போது ரத்து செய்து தருவார் என்பதை எழுத்தில் பெறுங்கள். பணம் வங்கி வழியாகவே வரட்டும். உண்மையாகவே வாங்க வந்தவர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார்.