வீட்டு மீன்தொட்டி பராமரிப்பு

வீட்டு மீன்தொட்டி என்பது அலங்கார மீன்களையும் நீர்த்தாவரங்களையும் வளர்ப்பதற்காக வீட்டினுள் அமைக்கப்படும் கண்ணாடித் தொட்டியாகும். தமிழ்நாட்டில் இம்மீன்கள் பொதுவாக வண்ணமீன்கள் என அழைக்கப்படுகின்றன. சென்னையின் கொளத்தூர் பகுதி வண்ணமீன் வணிகத்திற்குப் பெயர் பெற்றது.

புதிதாக மீன் வளர்ப்போரில் பலருக்கு முதல் மாதத்திலேயே மீன்கள் இறந்துவிடுகின்றன. இதற்கு மீன்களின் பலவீனமோ வளர்ப்பவரின் ராசியோ காரணமன்று. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நீர் மாசே காரணமாகும். தொட்டி நீரில் நடைபெறும் வேதி மாற்றங்களைப் புரிந்துகொண்டால் இத்தகைய இறப்புகளில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம்.

வரலாறு

சீனாவில் தங்கமீன்கள் பல நூற்றாண்டுகளாகக் குளங்களிலும் பீங்கான் பாத்திரங்களிலும் வளர்க்கப்பட்டு வந்தன. 1850-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். அவர் தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே கலத்தில் வளர்த்தார். தாவரம் ஆக்சிசனைத் தந்தபோதிலும் அதன் அழுகிய இலைகள் நீரைக் கெடுத்தன. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளைச் சேர்த்த பின்னரே நீர் தெளிந்தது. உயிரினங்களுக்கிடையே சமநிலை இருந்தால்தான் தொட்டி நிலைத்து நிற்கும் என்பதை இச்சோதனை காட்டியது. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலின் வழியாக அக்வாரியம் என்ற சொல் பரவலாயிற்று.

நைட்ரஜன் சுழற்சி

மீன்கள் தம் செவுள்களின் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மீன் கழிவும் எஞ்சிய உணவும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருமளவு நீரில் கலந்து நீர்த்துவிடும். சிறிய தொட்டியிலோ அது சேர்ந்துகொண்டே போய் மீனின் செவுள்களைப் பாதிக்கும். நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்போதும் அம்மோனியா அதில் இருக்கக்கூடும்.

இதனை இருவகை பாக்டீரியாக்கள் மாற்றுகின்றன. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நச்சுத்தன்மை உடையதே. அது மீனின் குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் வினைபுரிந்து ஆக்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கிறது. நைட்ரேட்டின் தீங்கு ஒப்பீட்டளவில் குறைவு. அதன் ஒரு பகுதியைத் தாவரங்கள் உறிஞ்சிக்கொள்ளும். மீதியை நீர் மாற்றி அகற்றலாம்.

இந்த பாக்டீரியாக்கள் மிதந்து திரிவதைவிட வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்வதே அதிகம். புதிய தொட்டியில் இவை போதுமான அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பத்துப் பதினைந்து மீன்களை விட்டால், கழிவை மாற்ற பாக்டீரியாக்கள் இல்லாமல் மீன்கள் தம் கழிவாலேயே நஞ்சூட்டப்படுகின்றன. முதல் மாத இறப்புகளுக்கு இதுவே முதன்மைக் காரணம்.

நீரின் பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் உயர உயர அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும். பி.எச். 7-இலிருந்து 8-க்கு உயர்ந்தால் நச்சு வடிவிலுள்ள அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. எனவே வெப்பமான ஊர்களில், காரத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

தொட்டியை அமைத்தல்

சிறிய தொட்டியைப் பராமரிப்பது எளிது என்ற எண்ணம் தவறானது. நீர் குறைந்தால் மாசு விரைவில் செறிவடையும். வெப்பநிலையும் சட்டென்று மாறும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தொட்டி 54 லிட்டர் கொள்ளளவு உடையது, தொடக்கநிலையினருக்கு ஏற்றது. நீரும் கற்களும் சேர்ந்தால் இதன் எடை 60 கிலோகிராமைத் தாண்டக்கூடும். ஆகவே உறுதியான, சமதளமான மேசையில் தெர்மாகோல் தகட்டை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். நேரடி வெயில் படும் இடம் ஆகாது. நீர் சூடேறுவதுடன் பாசியும் பெருகும்.

குழாய் நீரில் உள்ள குளோரின் மீன்களின் செவுள்களைப் பாதிக்கும், பாக்டீரியாக்களையும் கொல்லும். நீரை வாயகன்ற வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் வெளியேறும். மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியையும் பயன்படுத்தலாம்.

தொட்டியை அமைத்தபின் வடிகட்டியை இயக்கி, மீன் விடாமல் நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவு போட்டு வரலாம். அது அழுகித் தரும் அம்மோனியாவை உண்டு பாக்டீரியாக்கள் பெருகும். நோயற்ற பழைய தொட்டியிலிருந்து சிறிது வடிகட்டிப் பஞ்சைப் பெற்று வைத்தால் இக்காலம் குறையும். சோதனைப் பெட்டியால் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாகவும் நைட்ரேட் சிறிதளவு இருந்தும் காணப்பட்டால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது எனலாம். அதன் பின்னரும் முதலில் இரண்டு மூன்று மீன்களை விட்டு, சில வாரங்களில் படிப்படியாக எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

மீன்களைத் தேர்ந்தெடுத்தல்

* கப்பி, மோலி, பிளாட்டி: குட்டி போடும் மீன்கள். ஓரளவு கடினத்தன்மை உள்ள நீரிலும் நன்கு வாழும். கப்பி ஏறத்தாழ மாதம் ஒருமுறை குட்டி ஈனும் என்பதால் எண்ணிக்கை விரைவில் பெருகும்.
* சண்டை மீன்: ஃபைட்டர் எனப்படுவது. இதன் ஆண்மீன்கள் ஒன்றையொன்று தாக்கும்; எனவே ஒரு தொட்டியில் ஓர் ஆண்மீன் மட்டுமே இருக்கலாம். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உள்ளதால் சிறு புட்டியிலும் உயிர் பிழைத்திருக்கும். ஆனால் உயிர் பிழைத்திருப்பது நலமாக வாழ்வதாகாது.
* தங்கமீன்: குளிர்ந்த நீரை விரும்புவது, கழிவு மிகுதியாக வெளியேற்றுவது. நல்ல சூழலில் 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. கண்ணாடிக் கிண்ணம் இதற்குப் பொருந்தாது.
* செர்ரி பார்ப்: இலங்கையை மட்டுமே தாயகமாகக் கொண்ட அமைதியான சிறு மீன். கூட்டமாக வளர்க்க வேண்டும்.

வாங்கி வந்த மீனை உடனே தொட்டியில் கொட்டக்கூடாது. பையை 15 முதல் 20 நிமிடங்கள் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, பின்பு மீனை மட்டும் வலையால் எடுத்து விட வேண்டும்.

உணவும் காற்றும்

மீன்கள் பட்டினியால் இறப்பதைவிட மிகை உணவால் நீர் கெட்டு இறப்பதே அதிகம். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை அளித்தால் போதும். நன்கு வளர்ந்த, நலமான மீன்கள் சில நாட்கள் உணவின்றி இருக்கும். ஊருக்குச் செல்லும்போது மொத்தமாக உணவைக் கொட்டிவிட்டுப் போவது ஆபத்தானது.

நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிசன் குறைகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம் அளவே கரையும். கோடையில் ஏர் பம்பு இன்றியமையாதது. தாவரங்கள் பகலில் ஆக்சிசனைத் தந்தாலும் இரவில் அவையும் சுவாசித்து அதைப் பயன்படுத்தும். மின்வெட்டு மிகுந்த ஊர்களில் மின்கலத்தால் இயங்கும் ஏர் பம்பு வைத்திருப்பது நல்லது.

வாரப் பராமரிப்பு

பல வீடுகளில் மாதம் ஒருமுறை நீரை முழுவதும் கொட்டிவிட்டு, கற்களையும் வடிகட்டியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவும் வழக்கம் உள்ளது. இதனால் பாக்டீரியாக்கள் அழிந்து தொட்டி மீண்டும் முதல் நாள் நிலைக்கே திரும்புகிறது. தொட்டி பளிச்சென்று ஆன சில நாட்களில் மீன்கள் இறப்பது இதனால்தான். சோப்பின் எச்சமும் மீனுக்கு நஞ்சாகும்.

வாரம் ஒருமுறை 20 முதல் 25 விழுக்காடு நீரை, அடியில் படிந்த கழிவுடன் சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலை உள்ள நீரை ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, அவ்வாறு எடுத்த பழைய நீரிலேயே அலசிப் பிழிந்தால் போதும்.

நோய் அறிகுறிகள்

மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திணறினால் ஆக்சிசன் குறைவு, அம்மோனியா அல்லது நைட்ரைட்டு மிகுதி காரணமாக இருக்கலாம். உடனே உணவை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும்.

உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். இதன் ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதனை எட்டாது. நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே அழியும். எனவே புள்ளிகள் மறைந்த பிறகும் குறிப்பிட்ட நாட்கள் வரை மருந்தைத் தொடர வேண்டும். புதிய மீன்களை இரண்டு வாரங்கள் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பது நோய் பரவுவதைத் தடுக்கும்.

நீர்நிலைகளில் விடுதலாகாது

வளர்க்க இயலாத மீனை இரக்கத்தால் ஏரியிலோ கிணற்றிலோ விடுவது பெருந்தீங்கு விளைவிக்கும். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று விற்கப்படும் தென்னமெரிக்க சக்கர் மீன் இவ்வாறு வெளியேறி, தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் பெருகியுள்ளது. இதன் உடல் கடினமான தகடுகளால் மூடப்பட்டிருப்பதால் மீனவர்களின் வலைகள் கிழிகின்றன. உள்நாட்டு மீன்களுக்கும் இது போட்டியாகிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடுவதே முறை. சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளரக்கூடியது என்பதை வாங்கும்முன் அறிந்திருந்தால் இச்சிக்கலே எழாது.