உங்களுக்குத் தெரியுமா? சிவன் கோயிலுக்குள் திவ்ய தேசம்: வரைபடத்தில் எங்கே வைப்பது?

காஞ்சிபுரத்துக் கோயில்களைப் புள்ளிகளாகவும் அவற்றின் தொடர்புகளைக் கோடுகளாகவும் போட்டால் அது ஒரு வலைப்பின்னல் வரைபடம். குழுக்களைப் பிரித்துக் காட்ட எல்லோரும் முதலில் எடுப்பது வண்ணத்தைத்தான்: சைவத்துக்குச் சிவப்பு, வைணவத்துக்கு நீலம். நிலாத்திங்கள் துண்டம் இதற்கு அடங்காது. வைணவத் தலங்களான 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அது இருப்பதோ ஏகாம்பரநாதர் கோயிலுக்குள். திருக்கள்வனூரும் அப்படியே, காமாட்சியம்மன் கோயிலுக்குள். உலகளந்த பெருமாள் கோயில் வளாகத்திலோ ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு திவ்ய தேசங்கள்! ஒரு புள்ளிக்கு ஒரே நிறம் என்றால், மரபையோ வளாகத்தையோ மறைத்தாக வேண்டும். குழுவைச் சுற்றி எல்லை போடும் முறைக்கு அந்தச் சங்கடம் இல்லை. 2009இல் வெளியான ‘பபிள் செட்ஸ்’ இவ்வகை. வளாகத்துக்கு ஓர் எல்லை, திவ்ய தேசங்களுக்கு இன்னொன்று. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் நிலாத்திங்கள் துண்டத்துக்கு.

புள்ளியைப் பாதியாகப் பிரித்து இரு நிறம் தீட்டினால் போதாதா? போதும்தான், புள்ளிகள் பத்துப் பன்னிரண்டாக இருக்கும்வரை. அதற்கு மேல் சிதறிய நிறங்களைக் கண்தான் தேடிச் சேர்க்க வேண்டும். எல்லைகள் பெருகினால் படம் குழம்பும் என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. நான்கைந்து எல்லைகள் குறுக்கிட்டாலே எது எதற்குள் என்று தெரியாது. அதற்காகவே 2011இல் ‘லைன் செட்ஸ்’ வந்தது: எல்லைக்குப் பதில், யாத்திரை வழிபோல, குழுவின் உறுப்புகள் எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் ஒரே வளைகோடு. குழுக்கள் ஐம்பது, அறுபது என்றால் அதுவும் நூல்கண்டாகச் சிக்கும். அப்போது படத்தை விட்டுவிட்டு அட்டவணைக்குப் போவதே மேல்.