ஒத்துக்கொள்வதற்கு முன் பிரிவு எண்ணைக் கேளுங்கள்

"ஒத்துக்கிட்டா இன்னிக்கே ஃபைனைக் கட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம்மா." மாஜிஸ்ட்ரேட் கோர்ட் தாழ்வாரத்தில் இந்த யோசனையைச் சொல்ல யாராவது ஒருவர் எப்போதும் தயாராக இருப்பார். திருவண்ணாமலையில் கிரிமினல் வழக்கு நடத்திப் பிழைக்கிற எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

தீபம், சித்ரா பௌர்ணமி என்றால் ஊரில் தலைகள்தான் தெரியும். கிரிவலம் முடித்த கூட்டம் தேரடித் தெருப் பக்கம் துணிக்கடை, பாத்திரக்கடை என்று புகும். அந்த நாட்களில் வருகிற வழக்குகள் எல்லாம் ஒரே அச்சு: கட்டைப்பை, கேமரா, வாசலில் மறித்த கடைப் பையன்.

அப்படி வந்த ஒரு அம்மாளின் கதையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம். பையில் இரண்டு சுடிதார் செட், விலைச்சீட்டுப்படி 1,640 ரூபாய். கடையின் உள்ளறையில் உட்கார வைத்து ஒரு வெள்ளைத்தாளை நீட்டியிருக்கிறார்கள். "நான்தான் எடுத்தேன்னு எழுதிக் குடும்மா, விட்டுடறோம்." எழுதிக் கொடுத்தார். விடவில்லை. அந்தத் தாள்தான் வினை. போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு சொல்வதைச் சாட்சியமாகக் கோர்ட் ஏற்காது. கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்தது சாட்சியமாக வந்து நிற்கலாம். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கினார்கள் என்று சொல்லி மல்லுக்கட்டுவது எங்கள் பாடு.

சட்டம் இப்போது மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. திருட்டுக்குப் பழைய 379, இப்போது 303(2). மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவையாகத் தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் விலையையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். சம்பளமில்லாமல் ஊருக்குப் பயன்படும் ஒரு வேலை. இந்தச் சின்னத் திருட்டில் மாஜிஸ்ட்ரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணையே தொடங்க முடியாது. நல்ல மாற்றம் என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாளின் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பார்த்தால், பிரிவு 305! குடியிருக்கும் அல்லது பொருள்களைப் பத்திரமாக வைத்திருக்கும் கட்டடத்தில் திருடுவதற்கான பிரிவு இது, பழைய 380. ஏழு ஆண்டு வரை சிறை. கடையும் பொருளை வைத்திருக்கும் கட்டடம்தானே என்பது போலீஸ் கணக்கு. சமூக சேவை என்ற பேச்சு 305-இல் கிடையாது. 303(2) என்றால் கடைக்காரர் சம்மதித்து ராஜியாகிவிடலாம். 305-இல் அந்த வழியும் இல்லை. அதே சுடிதார், அதே 1,640 ரூபாய். எண் மாறினால் வழக்கின் ஜாதகமே மாறிவிடுகிறது.

305 போட்டுவிட்டதாலேயே கைது செய்தாக வேண்டும் என்றும் இல்லை. ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்லலாம். இதையெல்லாம் கேட்க ஆளில்லாதபோது நம் ஊர்ப் பெண்கள் ரிமாண்டாகி வேலூர் பெண்கள் சிறைக்குப் போகிறார்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்கவே கூடாது. கேட்க ஆளில்லாத விசாரணை எதுவரை போகும் என்பதற்கு ஒரு உதாரணம்: 2025 ஜூனில் மடப்புரத்தில், நகை காணோம் என்ற புகாரில் விசாரிக்கக் கொண்டுபோன கோவில் காவலாளி போலீஸ் அடியில் இறந்தார். வழக்கு சி.பி.ஐ. வரை போனது.

கோர்ட்டில் நடப்பது சில நிமிட வேலை. டவாலி மூன்று முறை பெயரைக் கூப்பிடுவார். பொருள் 20,000 ரூபாய்க்குள் என்றால் சுருக்க விசாரணை. அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறைத்தண்டனை கொடுக்க முடியாது. குற்றச்சாட்டைப் படித்துவிட்டு நீதிபதி, "என்ன சொல்கிறீர்கள்?" என்பார். தாழ்வாரத்து யோசனை அங்கேதான் வேலை செய்கிறது. தலையாட்டினால் அபராதம் கட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். கூடவே தண்டனை பெற்றவர் என்ற பெயரும் வரும். இன்னொரு முறை 303(2)-இல் தண்டிக்கப்பட்டால் ஒரு ஆண்டுக்குக் குறையாமல் சிறை.

இதற்கு ஒரு மாற்று 1958 முதலே இருக்கிறது: குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் 3-ஆவது பிரிவில் பழைய 379, 380 இரண்டையும் எண் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். முன்பு தண்டனை பெறாதவரை எச்சரித்து மட்டும் அனுப்பிவிடலாம். 12-ஆவது பிரிவின்படி, அப்படி விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் வராது. இதை வக்கீல் கேட்க வேண்டும்; கேட்காமல் கிடைப்பது அபூர்வம். அந்த அம்மாளுக்கு நான் கேட்டேன், கிடைத்தது.

கேமராவில் பதிவாகிவிட்டது என்ற மிரட்டலுக்கும் பயந்துவிட வேண்டாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு கேட்கிற சான்றிதழ் இல்லாத பென்டிரைவை நாங்கள் எதிர்க்க முடியும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று ஒத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.