மென்று உண்ணும் உரிமை

கள்ளக்குறிச்சி ஜில்லா களமருதூர் போன்ற கிராமங்களில், பல்லிழந்த முதியோர் பணம் செலவிட்டு வாங்கிய பல் செட்டைப் பரணில் வைத்துவிட்டுக் கஞ்சி குடிப்பது புதிதன்று. குற்றம் அவர்களுடையதன்று. மேற்செட்டு அண்ணத்தைப் பற்றி நிற்கும். கீழ்ச்செட்டோ நாவசையுந்தோறும் நழுவும். பல்லற்ற தாடையெலும்பும் வருஷந்தோறும் தேயும்.

டைட்டானியம் எலும்போடு ஒன்றுபடுமெனக் கண்ட ஸ்வீடன் தேசத்துப் பிரானெமார்க், 1965-ல் முதல் நோயாளிக்கு அதனைத் தாடையில் பதித்தார். கீழ்த்தாடையில் இரண்டு திருகுகள் பதித்து அவற்றின்மேல் செட்டை மாட்டுவதே முதற்சிகிச்சையாதல் வேண்டுமென, 2002-ல் கானடாவின் மக்கில் சர்வகலாசாலையில் கூடிய நிபுணர்கள் கூறினர்.

செலவு மிகுதிதான், நீரிழிவு அடங்காதோர்க்கும் புகைப்போர்க்கும் அபாயமும் உண்டு. ஆதலின் மேற்செட்டு பழைய முறையிலேயே இருக்கட்டும். கீழே இரண்டு திருகுகளேனும் ஏழைக்குக் கிட்டச் சர்க்கார் வழி செய்க. மென்று உண்பது தனவந்தரின் தனிச்சொத்தோ?