மரம் விழுமுன் தடை: நீதிமன்றம் எப்போது கைகொடுக்கும்?

தலவாக்கலையைக் கடந்து ஓடும் கொத்மலை ஓயாவுக்கு ஹோட்டன் சமவெளியில் ஊற்றெடுக்கும் ஆக்ரா ஓயாவும் நீர் தருகிறது. அந்தச் சமவெளியையும் சிவனொளிபாத மலைக் காட்டையும் நக்கிள்ஸ் வனத்தையும் யுனெஸ்கோ 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மேட்டுக் காடு அழிந்தால் கீழே தோட்டத்து ஓடைகளும் பீலிகளும் வற்றும்.

பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் புல்டோசர் நிற்காது. உள்நாட்டுச் சட்டம்தான் அதை நிறுத்தும். தேசிய பூங்காவின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை தொடங்க, வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் தேவை. அந்த அறிக்கை வெளியானால் கருத்துத் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு 30 நாள் உண்டு.

எந்த நீதிமன்றம்?

அனுமதி சட்டவிரோதமானால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டும். இரண்டிலும் தீர்ப்பு வரும்வரை இடைக்காலத் தடை கேட்கலாம். மனுவில் விசாரிக்கத் தக்க விடயம் உண்டா, தடை விதிக்காவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேருமா, எந்தத் தரப்புக்குப் பாதிப்பு அதிகம் என்பவற்றை நீதிபதிகள் எடைபோடுவார்கள். வெட்டிய காட்டை எந்த நட்டஈடும் மீட்டுத் தராது. மனுதாரரின் வலுவான வாதம் அதுவே.

எப்பாவல காட்டிய வழி

அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலயில் பொஸ்பேட் அகழ வெளிநாட்டு நிறுவனத்துடன் அரசு ஒப்பந்தம் செய்யவிருந்தது. வயல்களோடு, தாதுசேன மன்னன் காலத்து ஜய கங்கைக் கால்வாயும் ஆபத்துக்குள்ளானது. அவ்வூர்வாசிகள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். அரசியலமைப்பில் சுற்றாடல் உரிமை எனத் தனியாக ஒன்றில்லை. எனவே சமத்துவம், தொழில், வதிவிடம் ஆகிய உரிமைகளை முன்வைத்தனர். முழுமையான ஆய்வும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அங்கீகாரமும் இன்றி ஒப்பந்தம் செய்யக்கூடாது என 2000 ஜூனில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

எல்லா முயற்சியும் இப்படி முடிவதில்லை. மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தையும் சுற்றாடல் அமைப்பொன்று நீதிமன்றத்தில் எதிர்த்தது. ஆயினும் 150 மெகாவாட் மின்நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அத்திட்டத்தால் சென் கிளயர் நீர்வீழ்ச்சி பழைய வேகத்தை இழந்தது.

ஆகவே வேலை தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. திகதியிட்ட படங்கள், கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுத்த முறைப்பாட்டின் பிரதிகள், மதிப்பீட்டு அறிக்கை வெளியாகி 30 நாளுக்குள் அனுப்பிய ஆட்சேபக் கடிதம் ஆகியவற்றைத் தோட்டத்து மக்களே சேர்த்து வைக்கலாம். கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போகும் சட்டத்தரணி முதலில் கேட்பது இவற்றைத்தான்.