யதனாபோன் கால்பந்துக் கழகம், மாண்டலே

மியான்மரில் 2009-இல் தொழில்முறை லீக் பிறந்தபோதே களமிறங்கிய அணி இது. மாண்டலேயின் அரசர் காலப் பெயரைத் தாங்கி, முதல் ஆண்டிலேயே கோப்பையை வென்றது. சொந்த மைதானமான பா டூ அரங்கம், 1945-இல் மாண்டலேயில் ஜப்பானியரை எதிர்த்துக் கிளர்ந்த தளபதியின் பெயரைக் கொண்டது.

கழகத்தின் பொன்னான நாள் 2010 செப்டம்பரில் யாங்கூனில் வாய்த்தது: ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் கோப்பை இறுதியாட்டம். எதிரே கிர்கிஸ்தானின் தோர்தோய். போட்டி தொடங்கிய 2005 முதல் ஒவ்வோர் இறுதியிலும் ஆடிய, இருமுறை வென்ற பலசாலி அணி அது. தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலில் கோப்பை மியான்மருக்கு வந்தது. நாட்டின் கிளப் கால்பந்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்றே சொல்லலாம்.

2014, 2016 ஆகிய ஆண்டுகளிலும் லீக் பட்டம் இக்கழகத்துக்கே.